பெட்ரோல் வாடை

"பெட்ரோல் வாடை அடிக்குதுங்களா அம்மிணி?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே நஞ்சப்பன் கேட்டார். சாரதாமணி மடியிலிருந்த லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பட்டது. சாதாரணமான கேள்விதான். பதினோரு வருஷமாக அவளுடைய ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற மெக்கானிக், மத்தியானம் மூன்று மணிக்கு, நீலாம்பூர் பைபாஸில், சோதனை ஓட்டத்தின் நடுவே யாரும் கேட்கக்கூடிய கேள்வி. ஆனால் அடிக்குது என்று சொல்லாமல் அடிக்குதுங்களா என்று ஏன் கேட்க வேண்டும்? வாடை வந்தால் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. தன் மூக்கு நன்றாக இருக்கிற மனிதர் அடுத்தவள் மூக்கிடம் எதற்கு விசாரிக்கிறார்? ஆமாம் என்று சொல்லி, வாடையே இல்லாமல் இருந்தால் அகப்பட்டுக்கொள்வாள். இல்லை என்று சொல்லி, கார் முழுக்க வாடை நிறைந்திருந்தால் அதைவிட மோசமாக அகப்பட்டுக்கொள்வாள். "ம்" என்றாள். எந்தப் பக்கமும் சாயாத ம். இப்படிப்பட்ட ம்-களை மூன்று வருஷமாக அவள் பழகி வைத்திருந்தாள். நஞ்சப்பன் வேறொன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். கேட்டவர் பதில் வந்ததா வரவில்லையா என்று கவலைப்படவில்லை என்றால், பதில் அவருக்கு வேறு எங்கிருந்தோ கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம். மூக்கை இழுத்து மோந்து பார்க்கிற மாதிரியாவது செய்திருக்கலாம். மறந்துபோனது. பொய்யில் ஒரு சின்னக் காரியத்தை மறந்தாலும் மொத்தமும் வெளியே தெரிந்துவிடுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான். எல்லோருக்கும் போன வாசனை இரண்டு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. உதிரிப் பாகங்களைக் கழுவுகிற தட்டில் பெட்ரோலை ஊற்றி, கையை விட்டு, அது வெறும் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று மட்டும் இருந்த அந்தக் காலையை அவளால் மறக்க முடியவில்லை. குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கண் எரிந்தது. மூக்கில் ஒன்றுமில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நாளை நாளை என்று ஒரு மழைக்காலம் போனது, ஒரு வெயில்காலம் போனது, பிறகு சொல்வதற்கான நாள் எது என்று தெரியாமல் அதுவும் தாண்டிப் போனது. வேறு யாராவது என்றால் பரவாயில்லை. சாரதாமணியிடம் வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் அவள் மூக்குக்காகத்தான் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரில் டர்போ இன்ஜினுக்குப் பெட்ரோல் அளவு சரிபார்க்கிற ஆட்கள் நாலைந்து பேர் இருக்கலாம். ஆனால் பானட்டைத் திறந்து புகையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பெட்ரோல் அதிகம், ஆயில் எரிகிறது, கூலன்ட் கசிகிறது, அந்தத் தித்திப்பு வாடை தெரியவில்லையா என்று சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான். பொறாமைக்காரர்கள் அவளை மோப்பம் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பானட் திறந்தால் குனிவாள், மூக்கை ஒரு தடவை சுருக்குவாள், தலையை ஆட்டுவாள். அப்புறம் மீட்டரைப் பார்ப்பாள். மீட்டர் சொல்வதைத் தன் மூக்கு சொன்னதாகச் சொல்வாள். வீட்டில் கணவர் சாம்பார் எப்படி என்று கேட்டால் அருமை என்பாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திருகிப் பார்ப்பாள். கணவருக்கே தெரியாததை நஞ்சப்பன் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? கணவர் கண்டுபிடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயமா என்ன? போன வாரம் அந்தக் கெட்டுப்போன பாலை அவள் காப்பியில் ஊற்றியபோது அவர் ஒன்றும் பேசாமல் குடித்தாரே.

"இன்னொரு தடவ மூணாவது கியர்ல இழுங்கண்ணா" என்றாள். "இப்பத்தானுங்க இழுத்தேன்." "பெட்ரோல இன்னுங் கொஞ்சம் கூட்டியிருக்கறேன். பாக்கலாம்." அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். டர்போ விசில் அடித்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. ஊசி மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டதும் வண்டி யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு வெட்டியது. மறுபடி ஒரு வெட்டு. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த வட்ட மீட்டர் பதினாலு புள்ளி ஒன்று என்றது. காலையிலிருந்து இதே கதைதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று சொல்கிற மீட்டர் அது. சும்மா உருட்டும்போது பதினாலே முக்கால் இருந்தால் பரவாயில்லை. டர்போ காற்றைத் திணிக்கும்போது அது பதினொன்றரைக்கு இறங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் சூடு ஏறி ஏறி ஒருநாள் பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிவிடும். வண்டி கண் டாக்டர் ஹேமலதாவுடையது. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நர்ஸ்களை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். ஏற்றத்தில் வெட்டுகிறது, போன வாரம் ஒரு வளைவில் பஸ்ஸைத் தாண்டும்போது பாதியில் இழுக்காமல் நின்றுவிட்டது என்று புகார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பெட்ரோல் குறைச்சலாகப் போகிறது என்று மீட்டர் சொன்னது. பெட்ரோல் பம்பின் அழுத்தத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஃபில்டர் புதுசு. இன்ஜெக்டர்களைக் கழற்றி வரிசையாக நிறுத்தித் தெளித்துப் பார்த்தாள், நாலும் ஒரே அளவு. டர்போ குழாய்களில் புகையை அடைத்துப் பார்த்தாள், எங்கும் கசியவில்லை. பெட்ரோல் போகிறது, ஆனால் போகவில்லை என்கிறது மீட்டர். போதவில்லை என்றால் கூட்ட வேண்டியதுதான் என்று லேப்டாப்பில் நூற்றுக்கு நாலு கூட்டினாள். அப்புறம் இன்னொரு நாலு. அப்புறம் ஐந்து. மீட்டர் அசையவே இல்லை. கூட்டக் கூட்ட வண்டி இன்னும் அதிகமாக வெட்டியது போலவும் இருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு அவள் கூட்டுவதையெல்லாம் கழித்துக்கொண்டிருக்கிறார்களா? யாரோ என்ன யாரோ. இந்த வண்டியை அவளும் நஞ்சப்பனும் தவிர யார் தொட்டார்கள்?

அப்படி நினைத்ததும் இந்த வாரத்துச் சில்லறை விஷயங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. திங்கட்கிழமை அவளுடைய மேஜைமேல் பெட்ரோலில் நனைந்த துணி கிடந்தது. அதில் இருப்பது பெட்ரோல் என்பதே அவள் அதை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. நஞ்சப்பன் அந்தப் பக்கம் நின்று ஜாக்கியை மடக்கிக்கொண்டிருந்தார். பார்த்தாரா? செவ்வாய்க்கிழமை, "என்னமோ ஒயர் கருகற மாதிரி இல்லீங்களா?" என்றார். அவள் ஆமாம் என்றாள். பத்து நிமிஷம் தேடினார்கள். பக்கத்துக் கடையில் டயர் பஞ்சர் ஒட்டுகிறான் என்று கடைசியில் அவரே சொன்னார். ஒயரும் ரப்பரும் ஒரே மாதிரியா வாடை அடிக்கும்? அவள் ஆமாம் சொன்னதை அவர் மனதில் குறித்துக்கொண்டிருப்பார். இன்றைக்குக் காலையில், "பிளக்கக் கழட்டிப் பாத்துரலாமுங்களா அம்மிணி" என்று இரண்டு தடவை கேட்டார். ஸ்பார்க் பிளக்கின் நுனி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பது பழைய ஆட்களின் வழக்கம். மீட்டர்தான் சொல்லுதே, எதுக்கு வீணா ஒரு மணி நேரம் என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். மீட்டரை அவர் நம்பவில்லையா, இல்லை அவளையா? எல்லாம் அந்த வெள்ளை வண்டியிலிருந்து ஆரம்பம். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் நிற்கிறதா? பதினாலு மாதத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரின் வெள்ளை வண்டி இவர்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போய் ஒரு மணி நேரத்தில் சிங்காநல்லூர் சிக்னலில் தீப்பிடித்தது. அவர் குதித்துவிட்டார், உள்ளங்கை மட்டும் பொசுங்கியது. பெட்ரோல் குழாயை இன்ஜினோடு சேர்க்கிற இடத்தில் கசிவு என்று வந்து பார்த்த அதிகாரி சொன்னார். குழாய் வேலை யார் பார்த்தது என்று கேட்டார். நஞ்சப்பண்ணன் என்றாள் சாரதாமணி. பொய்யில்லை. குழாயை மாற்றி கிளிப் போட்டது அவர்தான். ஆனால் வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால், கடைசிச் சோதனை என்று, பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது, கொடுத்துடலாம் என்று சொன்னது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? மூக்கு இருக்கிற எவனுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்கு நஞ்சப்பன், "சரியாத்தானுங்க இறுக்குனேன்... இறுக்குனனா இல்லியான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் எந்தக் கிளிப்பைப் போட்டாலும் மூன்று தடவை இறுக்கி, வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைக்கிறார். அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வருகிறது. தன்னைக் குத்திக் காட்டத்தான் வைக்கிறார் என்று தோன்றும். அவருக்கு எதுவும் தெரியாது என்றால் எதற்குக் குத்திக் காட்டுவார்? தெரியும் என்றால் எதற்கு இத்தனை நாள் சும்மா இருந்தார்? நேரம் பார்க்கிறார். அதுதான். துணியை வைத்துப் பார்த்தார், ஒயரைச் சொல்லிப் பார்த்தார், இன்றைக்குப் பெட்ரோல். ஒருவேளை இந்த வண்டியில் ஏதோ ஒன்றைக் கழற்றிவிட்டே கொண்டுவந்திருக்கிறாரா, இவள் மூக்கு பிடிக்கிறதா என்று பார்க்க? பதினோரு வருஷப் பழக்கத்தில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்தது, நினைப்பு போகவில்லை.

"இன்னொரு தடவைங்கண்ணா" என்றாள். இன்னும் நூற்றுக்கு நாலு கூட்டியிருந்தாள். "அம்மிணி, நெசமாலுமே நெம்ப வாடை அடிக்குதுங்க" என்றார் அவர். இந்த முறை கேள்வியாக இல்லை. "கண்ணாடிய எறக்கறேன்." இறக்கினார். வெயிலும் லாரிச் சத்தமும் உள்ளே வந்தன. காற்றில் முடி முகத்தில் அடித்தது, மூக்கில் மட்டும் எதுவுமில்லை. இப்போது அவள் பயந்தாள். பயம் இரண்டு திசையில் ஓடியது. வாடை நிஜமாகவே இருந்தால் இந்த மீட்டர் சொல்வது தப்பு. வாடை இல்லை என்றால் இந்த மனிதர் சொல்வது தப்பு. மீட்டருக்கு அவள்மேல் என்ன கோபம்? அதற்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. மனிதருக்கு இருக்கிறது, பதினாலு மாதத்துக் காரணம். "மீட்டர் பதினாலு காட்டுதுங்க. பெட்ரோல் பத்தலைன்னுதானே அர்த்தம்? பத்தாத எடத்துல வாடை எப்படிங்க வரும்?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. நஞ்சப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு விநாடிதான். கோபம் இல்லை அதில், குழப்பம்தான். அந்தக் குழப்பம்கூட நடிப்பாக இருக்கலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அவர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை ஓரம் கட்டத் தொடங்கியிருந்தார். "நான் நிறுத்தச் சொல்லலியே!" "நீங்க சொல்லலீங்க. நாந்தான் நிறுத்தறேன்." பதினோரு வருஷத்தில் அவர் இப்படி அவளிடம் பேசியதில்லை. ஓரத்துக் காய்ந்த புல்லின் மேல் வண்டி ஏறப்போனதும் சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்பி, புல் இல்லாத சிமென்ட் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். இறங்கினார். பின்னால் போய் முட்டி போட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஏதோ எடுத்து வைத்திருக்கிறாரோ, அடியில் எதையோ செய்கிறாரோ என்று கண்ணாடியில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வாங்க" என்றார். ங்க இருந்தது, அம்மிணி இல்லை. அவள் லேப்டாப்பை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு, சூடான சிமென்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தாள். வண்டியின் நிழலுக்குள்ளே, புகைக் குழாயில் பானை மாதிரி உப்பியிருக்கிற அந்த வடிகட்டி, பட்டப்பகலில், செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. கொல்லன் உலையிலிருந்து எடுத்து மாட்டிய மாதிரி. அதன் அனல் அவள் கன்னத்தில் பட்டது. இரண்டடி தள்ளிக் காய்ந்த புல். எரியாத பெட்ரோல் குழாய் வழியாகப் போய் அந்த வடிகட்டியில் விழுந்து எரிகிறது. எவ்வளவு பெட்ரோல்? அவள் காலையிலிருந்து நாலு நாலாகக் கூட்டிய அவ்வளவும்.

"பிளக்கக் கழட்டுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. சூடு ஆறுவதற்கு அரைமணி நேரம் காத்திருந்தார்கள். லாரிகள் போயின. ஒரு டெம்போ நிறைய வாழைத்தார் போயிற்று. நஞ்சப்பன் சாலைத் தடுப்பின் மேல் உட்கார்ந்து, டூல் பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்று, இரண்டு, நாலாவது சிலிண்டர்களின் பிளக்குகள் சுமாராகக் கறுத்திருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நனைந்திருந்தது. கரி அப்பியிருந்தது. வெள்ளைப் பீங்கானில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அவள் அதை வாங்கிப் பார்த்ததும் காலையிலிருந்து நடந்த எல்லாம் தலைகீழாகத் திரும்பி நின்றது. மீட்டர் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. அது புகையில் மிச்சமிருக்கிற காற்றைத்தான் பார்க்கிறது. டர்போ காற்றைத் திணிக்கும்போது விரிசல் வழியாகப் பொறி தப்பிவிடுகிறது, அந்தச் சிலிண்டரில் ஒன்றும் எரிவதில்லை, பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியே வருகின்றன. எரியாத காற்றைப் பார்த்து மீட்டர் பெட்ரோல் போதவில்லை என்றது. அவள் இன்னும் ஊற்றினாள். இது அவளுக்குத் தெரியாததா? பத்து வருஷத்துக்கு முன்னால் இதையே ஒரு பயிற்சி வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்தவள். மீட்டர் சொன்னாலும் மூக்கால் ஒரு தடவை பாருங்கள், எரியாத பெட்ரோல் தன்னைத்தானே சொல்லிவிடும் என்று சொன்னவள். நாளைக்கு இந்த வண்டி கோத்தகிரி ஏற்றத்தில் மூன்று பெண்களோடு போயிருக்கும். வழியில் எங்காவது காய்ந்த சருகின் மேல் நிறுத்தியிருப்பார்கள்.

"இவ்வளவு வாடை அடிச்சும் நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றார் நஞ்சப்பன். இப்போதுகூட ஒரு ம் சொல்லியிருக்கலாம். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அது வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவைத்துக்கொண்டு காத்திருந்த முகமாக அது இல்லை. இவ்வளவு நேரம் தேடியும் அந்த முகம் அங்கே கிடைக்கவில்லை. "எனக்கு வாடை தெரியாதுங்கண்ணா" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "பெட்ரோல் வாடைங்களா?" "எந்த வாடையும். பூவும் தெரியாது, புகையும் தெரியாது." "எத்தன நாளாங்க?" "காய்ச்சல் வந்ததுல இருந்து. மூணு வருஷம்." அவர் தலையை ஆட்டினார். ஐயோ பாவம் என்று முகம் ஒரு கணம் இளகியது. பிறகு, கண்ணில் அவர் எதையோ எண்ணுவது தெரிந்தது. மூன்று வருஷம் என்றால் எந்த வருஷம், எந்த மாசம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேரும் இடம் அவளுக்குத் தெரியும். அவர் வந்து சேர்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டார். "அப்ப அந்த வெள்ளை வண்டி" என்றார். "கிளிப்பு யார் தப்புன்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. நெசமாத் தெரியாது. ஆனா பத்து நிமிஷம் ஓடவிட்டு, சரியா இருக்குதுன்னு சொன்னது நான். கசிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அத நான் யாருகிட்டயும் சொல்லல."

நஞ்சப்பன் எழுந்து நின்றார், எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி மறுபடி உட்கார்ந்தார். "என்ற மாமனார் காரியத்துல பந்தியில ஒக்காந்திருக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னார். "ஒருத்தன் கேக்கறான், நீதான அந்த வண்டிய எரிச்சவன்னு. என்ற சம்சாரம் பாக்கியம் பரிமாறிட்டிருந்தவ கரண்டிய வெச்சுட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கிருந்து வீட்டுல கேஸ் சிலிண்டர மாட்டறதுக்குக்கூட என்னைய விடறதில்லீங்க. பக்கத்து வூட்டுப் பையனக் கூப்பிடறா." அவள் மன்னிச்சிடுங்க என்றாள். அந்தச் சொல் லாரிச் சத்தத்தில் எங்கேயோ போயிற்று. அவர் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணெய் விரலால் அழுத்தினார், முதலில் சரியாகப் பதியவில்லை, வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மணி அடிக்கிற சத்தம் கேட்டது. போனை அவளிடம் நீட்டினார். "நான் சொன்னா நம்ப மாட்டா. நானாச் சோடிச்சுச் சொல்றேன்னு நெனப்பா. நீங்களே சொல்லுங்க." அவள் போனைப் பார்த்தாள். இதைப் பதிவு செய்கிறாரோ, நாளைக்கு யாருக்காவது போட்டுக் காட்டுவாரோ என்று இப்போதும், இந்த நிலைமையிலும், ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னுங்க, இந்நேரத்துல? சாப்ட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "நான் சாரதாமணி பேசறேனுங்க, ஒர்க்‌ஷாப்புல இருந்து." மிக்ஸி நின்றது. "ஐயோ, அவருக்கு என்னாச்சுங்க? மறுபடி ஏதாச்சும் பண்ணிட்டாருங்களா?"

நஞ்சப்பனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவரு ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் சாரதாமணி. "அந்த வெள்ளை வண்டியக் கடைசியாப் பாத்தது நானுங்க. முதல்ல இருந்து சொல்றேன், கொஞ்சம் ஒக்காந்து கேளுங்க."